இரண்டு கட்டை இறக்கிப் பாடியவர்

போன வாரம் காலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், நம்ம சாலா டீச்சர் தவறிட்டாங்க. சாயங்காலம் எடுக்குறாங்க. ஒடம்பு முடிஞ்சா வாங்க" என்றார். உடம்பு முடியாதுதான். இருந்தாலும் புறப்பட்டு அவர் ஊரான விராச்சிலைக்குப் போய்ச் சேர்ந்தேன். தெருமுனையில் அவருடைய படம் போட்டுப் பெரிய பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். 'ஓய்வுபெற்ற ஆசிரியை' என்று போட்டு, மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லோருடைய பெயரும் இருந்தது. பாடியவர் என்று ஒரு வார்த்தை இல்லை. அச்சடித்த பிள்ளைகள் மேல் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பிறப்பதற்கு முன்பே அந்தப் பாட்டு நின்றுவிட்டது.

ஆனால் அறுபதுகளில் திருமயம் சுற்று வட்டாரத்தில் இருந்தவர்களுக்கு 'விராச்சிலை சகோதரிகள்' என்றால் யார் என்று சொல்லத் தேவையில்லை. மூத்தவர் மீனாள், இளையவர் விசாலாட்சி. ஊருக்கு மீனாக்கா, சாலா டீச்சர். நான் சாலா டீச்சரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவன். அவர்கள் பாடப் போகும் இடங்களுக்குக் கூடப் போய், மைக்கில் அறிவிப்புச் செய்கிற வேலையையும் பல வருடம் பார்த்தேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அவர்கள் பாடிய முறையை முதலில் சொல்ல வேண்டும். அவர்களுடைய அப்பா வெற்றிலை வியாபாரி. சைக்கிளில் கூடையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும்போதே பாட்டுக் கட்டுவார். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த நாற்பத்தெட்டாம் வருடத்தில்தான் மகள்கள் இருவரையும் முதல்முறையாகக் கோயில் வாசலில் நிறுத்திப் பாடவைத்தார் என்று சொல்வார்கள். சாலாவுக்குச் சிறு வயதில் இளைப்பு இருந்தது. நீளமாக ஒரு வரி பாடினால் மூச்சு முட்டும். அதனால் அப்பா பாட்டை இரண்டாக வகுத்தார். அக்கா கேள்வி கேட்பாள், தங்கை பதில் சொல்வாள். அக்கா பாடுகிற நேரம் தங்கை மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

"மேகம் எந்தத் தெசை போகுதடி?" என்று மீனாக்கா கேட்பார். "நம்ம ஊரு தெசை, அக்காளே" என்று சாலா டீச்சர் பதில் சொல்வார். "மழையை யாரு கூட்டி வந்தா?" என்பார் அவர். "மாரியாத்தா தான், அக்காளே" என்பார் இவர். எளிய பாட்டுதான். ஆனால் அந்த 'அக்காளே' மேலே ஏறி நிற்கும்போது, குடத்தோடு போகிற பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிற்பார்கள். இளைப்பு பின்னால் சரியாகிவிட்டது. பாகம் மட்டும் அப்படியே நின்றது. ஒருத்தி பாகத்தை இன்னொருத்தி தொடக்கூடாது என்பது அப்பா வைத்த சட்டம். காலையில் மூத்தவளுக்கு, சாயங்காலம் இளையவளுக்கு என்று தனித்தனியாகத்தான் சொல்லிக் கொடுத்தாராம். "ரெண்டு பேருக்கும் முழுசாத் தெரிஞ்சா ஒருத்தி காலை ஒருத்தி மிதிப்பீங்க" என்பாராம்.

மீனாக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்குக் கல்யாணமாகி ஆறு மாதத்தில் கணவர் பினாங்குக்குப் போனார். போனவர் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று பின்னால் தெரியவந்தது. ஊரில் கடைக்குப் போனாலும் குளத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர், "மாப்பிள்ளைகிட்டருந்து தகவல் உண்டா?" என்று கேட்டுவிடுவார்கள். கேட்பவர்களுக்கு விஷயம் தெரியும். தெரிந்தேதான் கேட்பார்கள். ஒருமுறை நானும் கூட இருந்தபோது ஒரு அம்மாள் கேட்டார். "வர்ற தீபாவளிக்கு வாராராம். ஒங்களுக்கு என்ன வாங்கியாரச் சொல்லட்டும்?" என்றார் மீனாக்கா. அந்த அம்மாள் விறுவிறுவென்று போய்விட்டார். பிறகு மீனாக்கா என்னிடம் சொன்னார்: "மேடையில ஏறி ஒக்காந்தா மட்டும் இந்தக் கேள்விய யாரும் கேக்க மாட்டாங்க வாத்தியாரே. அங்க கேள்வி கேக்குற ஆளு நானு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அப்படிப்பட்டவருக்கு அறுபதுகளின் தொடக்கத்தில் தொண்டையில் கட்டி வந்தது. மதுரைக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லாமல் திரும்பி வந்தார். குரல் திரும்பி வரவில்லை. பேச முடிந்தது. ஆனால் கரகரத்து, தடித்து, ஆண்குரல் மாதிரி ஆகிவிட்டது. கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

பங்குனி வந்தது. குளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் மாரியம்மனுக்குப் பூச்சொரிதல். பெண்கள் தட்டுத் தட்டாகப் பூவைத் தலையில் சுமந்து வந்து அம்மனுக்குச் சொரிவார்கள். அவர்கள் கோயிலை நெருங்கும்போது வாசலில் இந்தச் சகோதரிகள் பாடுவது வழக்கமாகியிருந்தது. அந்த ஊர்த் தலைவரான அம்பலகாரர் நேரே பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், அக்காவுக்கு முடியலைன்னு தெரியும். நீங்க மட்டுமாச்சும் வாங்க. ஆத்தாளுக்குப் பாட்டில்லாம பூப் போடலாமா?"

"எனக்குப் பாதிப் பாட்டுதான் தெரியும் அண்ணே."

"மீதிக்கு வேற ஒரு பொண்ணப் பக்கத்துல ஒக்கார வச்சிருவோம்."

"அப்ப அந்தப் பொண்ணுக்குப் பக்கத்துலயும் வேற ஒரு பொண்ணையே வச்சுக்கங்க" என்றார் சாலா டீச்சர். அம்பலகாரர் என்னைப் பார்த்தார். நான் கரும்பலகையைப் பார்த்தேன்.

அவர் போன பிறகு நான் டீச்சரிடம் கேட்டேன். "இத்தனை வருஷம் பக்கத்துல ஒக்காந்து கேட்டிருக்கீங்க. அக்கா பாகம் தெரியாதுன்னு சொன்னா யாரு நம்புவா?"

"தெனமும் திருமயம் பஸ்ல டிரைவருக்குப் பின்னாலதான ஒக்காந்து வாரீங்க. ஒங்களுக்கு ஓட்டத் தெரியுமா சார்?"

பிறகு அவரே தாழ்ந்த குரலில் சொன்னார்: "கத்துக்கலாம். ரெண்டு நாள் போதும். ஆனா நான் கத்துக்கிட்டா அக்கா வேண்டாம்னு ஆயிரும்ல."

அன்றைக்குத்தான் எனக்கு முழுதும் விளங்கியது. பாட்டு நிற்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அக்காவுக்கு இருந்த ஒரே ஒரு இடத்தைத் தன் கையால் மூடிவிடக்கூடாதே என்றுதான் பயந்தார்.

கடைசியில் அவரைக் கிளப்பியது மீனாக்காவேதான். "ஒம் பாகத்த மட்டும் பாடிட்டு வாடி. ஆத்தா கேட்டுக்குவா" என்று சொல்லித் தானும் கூட வந்தார். மேடையில் ஏறாமல், துண்டைக் கழுத்தில் இறுக்கிக்கொண்டு, கீழே பெண்களோடு உட்கார்ந்தார். மேடையில் சாலா டீச்சர், ஆர்மோனியம் அய்யாக்கண்ணு, நான். வெயில் தாழ்ந்திருந்தது. பூத்தட்டுகள் தெருமுனையில் தெரிந்தன. அய்யாக்கண்ணு வாசிக்கத் தொடங்கினார். கேள்வி வர வேண்டிய இடத்தில் ஆர்மோனியம் மட்டும் ஒலித்தது. பிறகு, "நம்ம ஊரு தெசை, அக்காளே" என்றார் டீச்சர். மறுபடி வெறும் ஆர்மோனியம். "மாரியாத்தா தான், அக்காளே" என்றார்.

தபாலாபீசில் ஒருவர் டெலிபோனில் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. கூட்டம் ஒன்றும் புரியாமல் பார்த்தது. மூன்றாவது இடைவெளியில், தலையில் பூத்தட்டோடு வந்த ஒரு பெண் நின்று மீனாக்காவின் கேள்வியைப் பாடினார். பின்னால் வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வருடா வருடம் கேட்டவர்கள்தானே. வார்த்தை சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

கீழேயிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. "ஏ ஆத்தா, நிறுத்துங்க. கேள்வி கேக்குறீங்களா, எழவுக்கு அழுகுறீங்களா? 'போகுதடி'ய எதுக்கு இந்த இழுவை இழுக்குறீங்க?"

கூட்டம் சிரித்துவிட்டது. மீனாக்கா எழுந்து, "இப்படிக் கேக்கணும்" என்று பாடிக் காட்டப் போனார். முதல் இரண்டு வார்த்தை வந்தது. மேலே ஏற வேண்டிய இடத்தில் குரல் உடைந்து, இரும்புச் சட்டியில் கரண்டி உரசுவது போல் ஒரு ஓசை வந்தது. அதோடு நிறுத்திவிட்டார். சிரித்தவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் திரும்பி உட்காரப் போனார்.

சாலா டீச்சர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "ரெண்டு கட்டை எறக்குங்க அண்ணே" என்றார்.

அய்யாக்கண்ணு திகைத்துப்போனார். "எறக்குனா ஒங்க குரலு கெணத்துக்குள்ளருந்து வர்ற மாதிரில்ல இருக்கும். ஒங்க எடுப்பே மேலதான டீச்சர்."

"அக்கா கெணத்துக்குள்ள நிக்கிறா. நான் மேல நின்னு எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கவா? எறக்குங்க."

பிறகு மைக்கிலேயே சொன்னார்: "அக்கா, எனக்கு இளைப்பு திரும்பிருச்சு. மேல எட்ட மாட்டேங்குது. சுருதிய எறக்கிருக்கேன். நீ வந்து கூட ஒக்காந்தாத்தான் எனக்குத் தெம்பு." மீனாக்கா கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு மேடை ஏறினார். அந்தத் தாழ்ந்த சுருதியில் அவருடைய புதுக் குரல் உட்கார்ந்தது. அழகாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். கேள்வி கேள்வியாக இருந்தது, பதில் பதிலாக இருந்தது. பூத்தட்டுகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

அதன் பிறகு பல வருடம் அவர்கள் அந்தச் சுருதியில்தான் பாடினார்கள். சாலா டீச்சருடைய அந்த உச்சக் குரலை யாரும் மறுபடி கேட்கவில்லை. "தங்கச்சிக்கும் முன்ன மாதிரி இல்லப்பா" என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். வானொலிக்குப் பாடகர்களைத் தேடிக்கொண்டிருந்த ஒருவர் ஒருமுறை அவருடைய பெயரைக் கேள்விப்பட்டுத் திருமயம் வரைக்கும் வந்தார். இரண்டு பாட்டுக் கேட்டுவிட்டு, மரியாதையாக விடைபெற்றுப் பஸ் ஏறிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் அவரிடம் விவரத்தைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். டீச்சர் என்னைத் தடுத்துவிட்டார்.

"சொல்லாதீங்க சார். இன்னைக்கு அவருக்குச் சொன்னா நாளைக்கு அக்கா காதுக்கு வந்துரும். எனக்காக நீ எறங்க வேணாம்னு பாட்ட நிறுத்திருவா. எனக்கு ரேடியோ வேணாம். அக்கா பாடணும்."

அவர் சொன்ன அந்த இளைப்புப் பொய்க்கு ஒரு தண்டனையும் இருந்தது. மீனாக்கா தினமும் காலையில் ஆடாதொடை இலையைப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுப்பார். டீச்சர் அதைக் குடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வருவார். பிரார்த்தனை முடிகிற வரைக்கும் முகம் கோணியபடியே இருக்கும். இல்லாத வியாதிக்கு இத்தனை வருடம் மருந்து குடித்தவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அறுபதுகளின் முடிவில் ஒருநாள், டீச்சர் தேர்வு வேலையாகப் புதுக்கோட்டை போயிருந்தார். அவருக்குச் சேர வேண்டிய சில புத்தகங்களைக் கொடுப்பதற்காக அவர்கள் வீட்டுக்குப் போனேன். மீனாக்கா முற்றத்தில் உட்கார்ந்து அந்த இலையைத்தான் கிள்ளிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்குச் சிரிக்கிறீங்கன்னு தெரியும் வாத்தியாரே. அவளுக்கு இளைப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. ராத்திரி பக்கத்துல படுத்து வளந்தவ நான். அவ மூச்சு எனக்குத் தெரியாதா?"

"அப்ப அன்னைக்கே தெரியுமா?"

"மேடையேறுறதுக்கு முன்னாடியே தெரியும். வேணாம்டின்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அவ மொகத்தப் பாத்தேன். நான் ஏறலைன்னா அவ அங்கயே எந்திரிச்சு வந்துருவா. அதான் ஏறுனேன்." இலையைக் கிள்ளிச் சட்டியில் போட்டார். "அவளா நெனச்சுச் செஞ்சா. எனக்குத் தெரியும்னு சொல்லிட்டா அந்தச் சந்தோசம் அவளுக்கு இருக்காதுல்ல. நீங்களும் சொல்லிறாதீங்க."

"சரிக்கா. கஷாயம் எதுக்கு?"

"அது பொய் சொன்னதுக்கு. கூட ரெண்டு எலை போட்டுத்தான் வைப்பேன்" என்றார்.

சொல்ல மாட்டேன் என்று இவருக்கும் வாக்குக் கொடுத்தேன். அடுத்த சில ஆண்டுகளில் மீனாக்கா காலமானார். சாலா டீச்சர் அதன் பிறகு மேடையேறவில்லை. அக்காவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது என்ற நிறைவோடு பல வருடம் வாழ்ந்தார். எங்காவது சந்தித்தால், "நீங்க சொல்லலையே சார், பெரிய உதவி" என்பார். அப்போதெல்லாம் உண்மை என் நாக்கு நுனி வரைக்கும் வரும். அக்காவுக்கும் இதே வாக்குத்தான் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்து வாயை மூடிக்கொள்வேன்.

எங்கள் வகுப்பில் பிள்ளைகளிடம் உதவி என்றால் என்ன என்று கேட்டால், பார்வையற்றவரைச் சாலை கடக்க வைப்பது என்பார்கள். சரியான பதில்தான், மதிப்பெண் போடுவேன். ஆனால் உதவி செய்வதைக் காட்டிலும், ஒருவர் செய்கிற உதவியை அவர் மனம் கோணாமல் ஏற்றுக்கொள்வது கடினம் என்று எனக்குக் காட்டியவர் மீனாக்கா. அதற்குப் பாடப்புத்தகத்தில் உதாரணம் இல்லை.

அவர்கள் பாட்டை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. என்னிடம் ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. இருவரும் தனித்தனியே என்னிடம் ஒப்படைத்த இந்த இரண்டு பேச்சுகளைத்தான் வைத்திருந்தேன். இரண்டையும் இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன். இனி இதைக் கேட்டு ஒருவருக்கொருவர் கோபித்துக்கொள்ள அவர்கள் இருவருமே இல்லை.