இடது கன்னத்து மச்சம்

மணப்பட்டுக் கடற்கரையில் அலை ஒன்று உயர்ந்து குழந்தையின் முகத்தில் தெறித்தது. மார்த்தா ஈரத்தாளை எடுத்து அதன் கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். தாளில் கருப்பாக ஒரு கோடு இழுபட்டிருந்தது. தாளைப் பார்த்தாள். கன்னத்தைப் பார்த்தாள். மறுபடி துடைத்தாள். கன்னம் வெறுமையாக இருந்தது.

நாலடி தள்ளி வெள்ளரிப் பிஞ்சு நறுக்கிக்கொண்டிருந்த அமுதத்துக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. பொட்டு அழிந்தால் வேறு வைத்துக்கொள்ளலாம். சாந்துப் புட்டி பையில்தான் இருந்தது.

அமுதம் பாகூர் ஏரிப் பாசனத்து ஊர் ஒன்றில் பிறந்தவள். கல்யாணம் ஆகும்வரை நடவும் களையெடுப்பும். மதகடிப்பட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போயிற்று. மூன்றாம் வருஷம் புருஷனும் தங்கவில்லை. வில்லியனூருக்கு அருகே, பெற்றோர் இல்லாத பிள்ளைகளை வளர்த்துத் தத்துக் கொடுக்கும் இல்லம் ஒன்றில் பாத்திரம் கழுவப் போனாள். ஓர் ஆயாம்மா வேலையை விட்டு நின்ற அன்று, அழுத குழந்தை ஒன்றைத் தூக்கினாள். பதினோரு வருஷமாகத் தூக்கிக்கொண்டே இருக்கிறாள். கஞ்சியைத் துணியில் வடிகட்டாமல் கொடுக்கமாட்டாள். குளிப்பாட்டிய பிள்ளைக்குக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்காமல் வாசலைத் தாண்ட விடமாட்டாள்.

இப்போது அவள் கையில் இருப்பது மூன்று வயது அர்ச்சனா. இத்தாலியிலிருந்து மார்த்தாவும் அவள் கணவன் பாவ்லோவும் தத்தெடுக்க வந்திருந்தார்கள். கலெக்டர் உத்தரவு போன வாரம் கிடைத்துவிட்டது. பாஸ்போர்ட்தான் பாக்கி. அதுவரை குழந்தை ராத்திரியில் இல்லத்தில் அமுதத்தோடு படுக்கும். பகலில் அவர்களோடு ஊர் சுற்றும். பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க அமுதமும் கூடப் போவாள். கோயில், மாதா குளம், பாகூர் ஏரி எல்லாம் பார்த்தாகிவிட்டது. நாளை காலை பத்து மணிக்குப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் முறை. ஞாயிற்றுக்கிழமை பாவ்லோவின் விடுப்பு முடிகிறது.

படகுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்த பாவ்லோவை மார்த்தா கூப்பிட்டாள். இருவரும் போனில் எதையோ திறந்து, குழந்தையைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதுமாக நின்றார்கள். இல்லத்துக் காரை ஓட்டி வந்த அன்புராஜைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார்கள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு அமுதத்திடம் வந்தான்.

"இன்னாக்கா பண்ணி வச்சிருக்க?"

"நான் இன்னாடா பண்ணன்?"

"தத்து பைல்ல கொழந்தைக்கு இடது கன்னத்துல மச்சம்னு போட்டுருக்குதாம். டாக்டர் சர்டிபிகேட்லயும் அதான், நாளைக்குக் குடுக்கற பாஸ்போர்ட் பேப்பர்லயும் அதான். மச்சம் எங்கன்னு கேக்கறாங்க."

"மச்சமா? அது சாந்துடா."

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவங்களுக்கு? வேற கொழந்தைய மாத்திக் குடுத்துட்டாங்களோன்னு பேசிக்கிறாங்க."

கத்தி அமுதத்தின் கையில் அப்படியே நின்றது. அர்ச்சனாவுக்கு ஒரு வயதில் மருத்துவப் பரிசோதனை நடந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே பார்த்து எழுதினார். அவள்தான் அன்று சாந்தைப் பளிச்சென்று வைத்துக் கொண்டுபோயிருந்தாள், ஆஸ்பத்திரியில் பல பேர் கண் படுமே என்று. அந்த ஒரு வரியைப் பார்த்து மற்றவை எல்லாம் எழுதப்பட்டன. இல்லத்தில் பார்த்தவர்களுக்கு அது பொட்டு. காகிதத்தில் படித்தவர்களுக்கு மச்சம்.

"ஒண்ணும் குடி முழுகிப் போயிடல. நாளைக்கிக் காலைல அழுத்தமா வச்சி அனுப்பு. ஆபீசுல எவன் தொட்டுப் பாக்கப்போறான்?" என்றான் அன்புராஜ்.

"இவங்களுக்கு இன்னா சொல்லுவ?"

"வெயில்ல மங்கிப்போச்சின்னு சொல்றன்."

"மச்சம் வெயில்ல மங்குமாடா?"

"இங்கிலீஷ்ல சொன்னா எல்லாம் மங்கும்க்கா."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். இவர்கள் சந்தேகத்தோடு திரும்பிப் போவார்கள். பிள்ளை அவளிடமே இருக்கும். நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது.

அர்ச்சனா மார்த்தாவின் பாவாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பத்து நாளாகக் கூப்பிட்ட உடனே குனிந்த பெண் இப்போது குனியவில்லை. குழந்தையின் முதுகில் எப்போதும் இருக்கும் கையும் இல்லை.

அமுதம் கத்தியை மணலில் குத்திவிட்டு எழுந்தாள்.

"வாடா. நான் சொல்றத அப்படியே சொல்லு. ஒண்ணுத்தையும் சேக்காத."

சாந்துப் புட்டியைத் திறந்து தன் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள். காய்ந்ததும் ஈரத்தாளால் துடைத்துக் காட்டினாள். மார்த்தாவின் முக இறுக்கம் தளர்ந்தது. பாவ்லோவுடையது தளரவில்லை.

"மை வைக்கிறது சரி. பைல்ல இருக்கற கொழந்தை இதுதான்னு எப்படி நம்பறதுன்னு சார் கேக்கறாரு," என்றான் அன்புராஜ்.

"ஒரு வருஷமா போன்ல பாத்தாங்க இல்ல, அந்தப் படத்தையெல்லாம் எடுக்கச் சொல்லு. மச்சம் ஒரே எடத்துலயா இருக்குதுன்னு பாக்கச் சொல்லு. எந்தப் பக்கம் மூஞ்சியக் குடுக்குதோ அந்தப் பக்கம்தான் வப்பன்."

மார்த்தா ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். இடது கன்னம். மறுபடி இடது. பொங்கல் அன்று வலது. அடுத்து மோவாய். ஒன்றில் பொட்டே இல்லை. மற்றபடி அதே காது, அதே நெற்றிச் சுருள், அதே கோணல் பல். அவள் மணலில் உட்கார்ந்து குழந்தையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். பாவ்லோ எல்லாவற்றையும் இரண்டு முறை பார்த்த பிறகு, "அப்படியானால் நாளைக்குத் தரப்போகும் காகிதம் தவறு," என்றான். அன்புராஜ் அதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான்.

சாயங்காலம் இல்லத்து நிர்வாகி ஸ்டெல்லா கோப்பை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு வருஷமா இந்தப் பொட்டையும் பாக்கறன், இந்த வரியையும் பாக்கறன். ரெண்டும் ஒண்ணுன்னு தோணல பாரு." பெருமூச்சு விட்டாள். "நாளைக்கி முறைய கேன்சல் பண்ணணும். டாக்டர் திருத்தித் தரணும். தத்துக் குடுக்கற கமிட்டிக்கு விளக்கம் எழுதணும். அதுல உன் பேரு வரும் அமுதம். உன் வேலை நிக்குமான்னு என்னால சொல்ல முடியாது."

"எழுதுங்க மேடம். வச்சது நான்தான்."

"வேற அடையாளம் இருக்குதா? டாக்டர் கேப்பாரு."

"வலது தொடை பின்பக்கம் அரிசி மாதிரி வெள்ளையா ஒரு தழும்பு. குளிப்பாட்டறவங்களுக்குத்தான் தெரியும்."

காகிதங்களைத் திருத்தி, மறுபடி பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துக் காத்திருந்ததில் பதினேழு நாள் போயிற்று. பாவ்லோ ஞாயிற்றுக்கிழமை தனியாக விமானம் ஏறினான். மார்த்தா தங்கிவிட்டாள். பார்த்த இடங்களையே திரும்பப் பார்த்தார்கள். இப்போது குழந்தைக்குப் பொட்டு இல்லை. புதுப் படம் எடுத்தாகிவிட்டது, இனி வைக்கக்கூடாது என்று ஸ்டெல்லா சொல்லியிருந்தாள். யாராவது பஸ் நிறுத்தத்தில் குழந்தையை நின்று பார்த்தால் அமுதம் முந்தானையால் அதன் கன்னத்தை மறைத்துக்கொள்வாள். நான்காம் நாள் காய்ச்சல் வந்தது. கண்ணேறுதான் என்று அவள் நினைத்தாள், யாரிடமும் சொல்லவில்லை. மருந்து கொடுத்தாள், நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், மூன்று நாளில் இறங்கியது.

கமிட்டியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. வேலை போகவில்லை. அன்புராஜை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

பதினெட்டாம் நாள் பாஸ்போர்ட் வந்தது, அடுத்த வாரமே டிக்கெட். கிளம்பும்போது அர்ச்சனா கதறுவாள் என்று அமுதம் மனத்தைத் திடப்படுத்தி வைத்திருந்தாள். குழந்தை கதறவில்லை. மார்த்தாவின் தோளில் சாய்ந்து, அவள் கழுத்துச் சங்கிலியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே காரில் ஏறியது.

கார் வில்லியனூர் சாலையில் திரும்பும்வரை அமுதம் வாசலில் நின்றாள்.

"சங்கிலிய வாயில வைக்க வுடாதீங்கன்னு சொல்லியிருக்கணும் மேடம்," என்றாள் ஸ்டெல்லாவிடம். "மறந்துட்டன்."