மஞ்சள் விளக்கு எரிந்த ஞாயிறு

எங்கள் தெருவில் ஹார்ட்விக்கைப் போல ஒழுங்கான மனிதர் கிடையாது. அந்த ஒழுங்கே அவரைக் கவிழ்த்துவிட்டது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. ரயில் எஞ்சின் ஓட்டியவர். கிளம்பும் முன் ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் எஞ்சின் கொட்டகையை விட்டு நகரக் கூடாது என்பது அவர் தொழிலின் சட்டம். அவர் ஓய்வு பெற்றார், சட்டம் பெறவில்லை. காபி மெஷினில் விளக்கு எரிந்தால்கூட அந்த வீட்டில் அன்று யாருக்கும் காபி கிடையாது.

அவருடைய அண்ணன் லுட்கர், நுரையீரல் கெட்டு, மோசல் ஆற்றங்கரையில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். வருஷா வருஷம் அக்டோபர் கடைசி ஞாயிறு இருவரும் சேர்ந்து பைக்கில் சுற்றுவார்கள். அதோடு சீசன் முடிந்தது. எங்கள் ஊரில் பைக்கை எந்த மாதம் வரை ஓட்டலாம் என்று நம்பர் பலகையிலேயே போட்டிருக்கும்; அக்டோபர் முடிந்தால் குளிர்காலம் கழிந்து மார்ச்சில்தான். லுட்கருக்கு இன்னொரு மார்ச் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். "பின்னால உக்கார வச்சு ஒரே ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போடா" என்று கேட்டிருந்தார். அதற்காகவே ஹார்ட்விக் பழைய வண்டியைத் தள்ளிவிட்டு, பின்சீட் அகலமான புது வண்டி வாங்கினார்.

முந்தின நாள் சனிக்கிழமை அந்த வண்டியை வேனில் கொண்டுவந்து இறக்கிய மெக்கானிக் பெண் ஏதோ விளக்க வாயெடுத்தாள்.

"ரயிலையே ஓட்டினவன்மா நான். எனக்கே சொல்லித்தர வந்துட்டியா?"

அனுப்பிவிட்டார்.

ஞாயிறு காலை சாவியைத் திருப்பியதும், பிரேக்கைக் கண்காணிக்கும் ஏபிஎஸ் விளக்கு மஞ்சளாக எரிந்தது. பழைய வண்டியில் அப்படி ஒரு விளக்கே கிடையாது. எஞ்சினைக் கிளப்பினார், அணையவில்லை. சீட்டைக் கழற்றி ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினார். சக்கரத்தின் பக்கத்தில் இருந்த சென்சாரைத் துடைத்தார். நான் எதிர்வீட்டுக்காரன், பொறுக்க முடியாமல் போனேன்.

"என்னய்யா, இன்னுமா கிளம்பல?"

"விளக்கு எரியுது."

"எரிஞ்சா எரியட்டுமே. பிரேக் பிடிக்குதுல்ல? மெதுவா உருட்டிக்கிட்டுப் போ."

"பின்னால உக்காரப் போறவன் நோயாளி. விளக்கு எரியுற வண்டியிலயா ஏத்துவாங்க?"

அவர் மனைவி அன்னெகிரெட் ஜன்னலைத் திறந்தாள். "ஹார்ட்விக், காரையாவது எடுத்துட்டுப் போயேன். பாவம், காத்துக்கிட்டு இருப்பாரு."

"பைக்குன்னு சொல்லிட்டு காருல போய் அவன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது? வண்டியில கோளாறுன்னு இல்லத்துக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். சரிபண்ணிட்டுப் போறேன்."

ஞாயிறு எல்லாமே மூடியிருக்கும். திங்கள் பைக் கடைக்கு விடுமுறை. செவ்வாய் கடை திறந்ததும் போன் போட்டார். எடுத்தது அதே பெண்.

"வண்டியை ஓட்டிப் பாத்தீங்களா, சார்?"

"விளக்கு எரியும்போது எப்படிம்மா ஓட்டுறது?"

"சக்கரம் சுத்தினாத்தான் அது சோதிச்சுப் பாத்துட்டு அணையும், சார். வாசலைத் தாண்டுறதுக்குள்ள அணைஞ்சிடும். அன்னிக்கு அதைத்தான் சொல்ல வந்தேன். வண்டியில ஒரு கோளாறும் இல்ல."

ஹார்ட்விக் கையுறைகூட மாட்டாமல் கிளம்பினார். என் வீட்டு வேலி வருவதற்குள் விளக்கு அணைந்துவிட்டதாம்.

அங்கே நடந்ததை, அண்ணனை அடக்கம் செய்துவிட்டு காபிக்கு உட்கார்ந்தபோதுதான் என்னிடம் சொன்னார். ஞாயிறு இருட்டும்வரை லுட்கர் தோல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இல்லத்து வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். திங்களன்று மூச்சு முட்டி படுக்கையில் விழுந்தவர் பிறகு எழவே இல்லை. ஹார்ட்விக் போய் நின்றபோது மூக்கில் குழாய் இருந்தது.

"என்னடா கோளாறு?" என்று லுட்கர் கேட்டாராம்.

ஒன்றுமில்லை என்று சொல்ல ஹார்ட்விக்குக்கு நாக்கு எழவில்லை. "பிரேக்குல பெரிய கோளாறு" என்று சொல்லிவிட்டார். வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும்.

லுட்கர் தம்பியின் கையைத் தட்டிக்கொடுத்தாராம். "நல்லவேளை, நீ வரல. நான் பாட்டுக்கு வாசல்ல உக்காந்து உன்னைத் திட்டிக்கிட்டு இருந்தேன். மனசுல வச்சுக்காதடா."