கையூம் பாயின் காது

உக்கடத்தில் பஸ்ஸுக்கு ஆடியோ செட் மாட்டுகிற கடைகள் ஒரு டஜன் இருக்கும். அப்துல் கையூம் கடைக்குப் போகிறவர்கள் மட்டும் முதலில் திட்டு வாங்க வேண்டும். "என்ன பாட்டு கொண்டாந்திருக்கீங்க? யூடியூப்ல புடிச்சதா? மொதல்ல அதை எடுத்து உள்ள வைங்க" என்பார். பென் டிரைவைத் தொடக்கூட மாட்டார். பக்கத்துக் கடையில் பஸ்ஸுக்கு சீட் கவர் தைக்கிற நான் இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கூத்தைப் பார்த்தவன்.

எங்கள் பக்கத்து பிரைவேட் பஸ் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கோவையிலிருந்து பொள்ளாச்சிக்கு வரிசையாக பஸ் போய்க்கொண்டே இருக்கும். இருந்தாலும் ரெண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவது பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்கள் உண்டு. அதில் பாட்டு நன்றாக இருக்கும், அவ்வளவுதான் காரணம். அதனால் முதலாளிகளும் என்ஜினைவிட ஸ்பீக்கர் மேல்தான் கண்ணாக இருப்பார்கள். கையூம் வேலை செய்கிற விதமே தனி. எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, பாட்டைப் போட்டு, கடைசி சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். பேஸ் எவ்வளவு, ட்ரெபிள் எவ்வளவு என்பதெல்லாம் காது சொல்வதுதான். மீட்டர் வைத்துப் பார்க்கலாமே என்றால், "மீட்டரா டிக்கெட் எடுத்துட்டு வந்து உக்காந்து கேக்கப் போகுது?" என்பார்.

பாட்டு விஷயத்தில் அவருக்கு ஒரே ஒரு கடைதான் கடை. இன்டர்நெட்டில் இருக்கிற ஒரு வெளிநாட்டுக் கடை. பழைய தமிழ்ப் பாட்டுகளை மூல டேப்பிலிருந்தே எடுத்து, துளி ஒலியும் குறையாமல் பெரிய ஃபைலாக விற்கிறது. ஆனால் நம் ஊரிலிருந்து திறந்தால் முப்பது செகண்ட் சாம்பிள் கேட்கலாம். வாங்கப் போனால், "உங்கள் நாட்டில் விற்பனைக்கு இல்லை" என்று வந்து நிற்கும். பாடியவர் தமிழர், வாசித்தவர்கள் தமிழர்கள், கேட்டு அழுகிறவன் தமிழன். லண்டன்காரன் வாங்கலாம், உக்கடத்துக்காரன் வாங்கக் கூடாதாம். எவன் போட்ட சட்டமோ, நினைத்தால் எனக்கே வயிறு எரியும்.

கையூமின் மகள் உஸ்மா முதலில் லண்டனில் இருந்தாள். அவள்தான் தன் கார்டில் வாங்கி அப்பாவுக்கு அனுப்பி வைப்பாள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் மாப்பிள்ளைக்கு ஷார்ஜாவில் வேலை கிடைத்துக் குடும்பம் அங்கே போனது. பாட்டு வருவது நிற்கவில்லை. ஒவ்வொன்றும் நாற்பது எம்.பி., ஐம்பது எம்.பி. "மகள் இருக்கிறவன் ராஜா" என்று என்னிடம் வந்து காலரைத் தூக்கிக்கொள்வார்.

நல்ல காதுதான். ஆனால் அந்தக் காதோடு ஒட்டிக்கொண்டிருந்த வாய் இருக்கிறதே, அது பொல்லாதது. கிணத்துக்கடவு கதிர் ஆடியோ வேலைக்கு வந்த புதிதில், தான் முதலில் செய்த பஸ்ஸை ஆசையாகக் கொண்டுவந்து கையூமிடம் காட்டினான். பாதிப் பாட்டில் எழுந்துவிட்டார் மனுஷன். பத்து டிரைவர்கள் நிற்கிறார்கள். "தகர டப்பாவுல கல்லைப் போட்டு ஆட்டுன மாதிரி இருக்குது. கழட்டிப்போட்டு வேற தொழில் பாரு கண்ணு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். கதிரும் சிரித்தான், ஆனால் மறக்கவில்லை.

ரெண்டு வருஷமாகவே கண்டக்டர்கள் என் கடைக்கு வந்து புலம்ப ஆரம்பித்திருந்தார்கள். "ஏனுங்க, பாய் வெச்சுக் குடுத்த சவுண்டு காதைக் கிழிக்குதுங்க. பாதி ட்ரெபிளைக் கொறைச்சுப்போட்டுத்தான் வண்டி எடுக்கறோம்." நானும் கவனித்தேன். போன் பேசுவதென்றால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். மதியச் சாப்பாடு கொண்டுவருகிற அவர் மனைவி ஆமினா பீவி, அவரைக் கூப்பிடாமல் தோளைத் தொடுவார். சலங்கை மாதிரி கூர்மையான ஒலியெல்லாம் அந்தக் காதை விட்டுப் போய்க்கொண்டிருந்தது, அதனால்தான் ட்ரெபிளை ஏற்றிக்கொண்டே போனார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் வாய்க்குப் பயம் என்று வெளியில் சொல்லிக்கொண்டோம். உண்மையைச் சொன்னால், அதில் எங்களுக்கு ஒரு குரூர சந்தோஷமும் இருந்தது.

போன தை மாதம் பொள்ளாச்சி வேலுமணி ஆறு புது பஸ் எடுத்தார். தேங்காய் வியாபாரத்தில் சம்பாதித்தவர். முதல் பஸ்ஸைக் கையூமிடம் விட்டார். அது நன்றாக இருந்தால் மீதி ஐந்தும் அவருக்கே. கையூமின் கடையில் அப்போது நாலைந்து மாதமாக வேலையே இல்லை. இது கிடைத்தால் கடை நிற்கும், கிடைக்காவிட்டால் ஷட்டர் இறங்கும். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அந்த முதல் பஸ்ஸுக்குப் பூஜை வேலுமணியின் தேங்காய்க் களத்தில் நடந்தது. டிரைவர்கள், மற்ற பஸ் முதலாளிகள், கதிர், எல்லாரும் வந்திருந்தார்கள். கற்பூரம் காட்டி முடிந்ததும் கையூம் பஸ்ஸில் பாட்டைப் போட்டார். "போன வாரம் வந்தது. மூல டேப்பு. இந்தியாவுலயே என்கிட்ட மட்டுந்தான் இருக்குது" என்றார். சலங்கைச் சத்தம் கண்ணாடித் தூளாகக் காதில் இறங்கியது. முன் சீட்டில் இருந்த குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. கையூம் மட்டும் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

கதிர் எழுந்தான். "பாய், தப்பா எடுத்துக்காதீங்க. இது யூடியூப் பாட்டுங்க."

"என்ன?" என்றார் கையூம். அவன் உரக்கச் சொன்னான். அவர் முகம் சிவந்துவிட்டது. "அம்பது எம்.பி. இருக்குதுடா! இது டூப்ளிகேட்டுனா நான் இந்தத் தொழிலையே விட்டர்றேன்!"

அந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தவன் போலக் கதிர் தன் லேப்டாப்பைத் திறந்தான். பாட்டை அதில் ஏற்றினான். பாட்டில் இருக்கிற ஒலிகளைக் கீழிருந்து மேலாகக் காட்டுகிற படம் ஒன்று நிறம் நிறமாகத் திரையில் வந்தது. "அசல்னா இந்த நிறம் உச்சி வரைக்கும் போகோணுங்க. இது பாருங்க, முக்கால்வாசிக்குக் கொஞ்சம் மேல கத்தி வெச்சு வெட்டுனாப்பல நின்னுபோச்சு. சின்ன ஃபைலைப் பெருசா மாத்தியிருக்காங்க. தண்ணி ஊத்துனா பால் கூடத்தான் தெரியும், பாலா ஆயிருமுங்களா?" களமே சிரித்தது. பிறகு மெதுவாகக் கேட்டான்: "இது உங்க காதுக்குத் தெரியலீங்களா பாய்?"

வேலுமணி கோபப்படவில்லை. எங்கள் ஊரில் ஒருத்தனை வெளியே தள்ளும்போதும் ‘ங்க’ போட்டுத்தான் தள்ளுவோம். அவர் கையூமின் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப சிரமப்பட்டுட்டீங்க பாய். இனி ஊட்டுல நல்லா ரெஸ்ட் எடுங்க. மத்த வண்டியைக் கதிர் தம்பி பாத்துக்கும். சாப்டுபோட்டுத்தான் போகோணும், ஆமா."

அவர் சாப்பிடவில்லை. என் ஆம்னி வேனில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கிணத்துக்கடவு தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்து உஸ்மாவுக்குப் போன் போட்டார். வழக்கம்போல ஸ்பீக்கரில்தான்.

"அம்மணி, அந்தப் பாட்டை எங்க வாங்குன?"

"அத்தா, ஷார்ஜா வந்ததிலிருந்து அந்தக் கடை எனக்கும் திறக்கறதில்லைத்தா. இங்கயும் விக்க மாட்டாங்களாம்" என்றாள்.

"அப்ப நீ அனுப்புனது?"

"யூடியூப்ல எடுத்து மாத்தி அனுப்புனேன்."

"எத்தனை பாட்டு?"

"ரெண்டு வருஷமா எல்லாமே." அழ ஆரம்பித்துவிட்டாள். "மொதப் பாட்டு அனுப்பறப்ப, கண்டுபிடிச்சுத் திட்டுவீங்கன்னு பயந்துட்டேதான் அனுப்புனேன். நீங்க போன் பண்ணி, இதுவரைக்கும் வந்ததுலயே இதுதான் சுத்தம்னு சொன்னீங்க. அன்னைக்கே அம்மாகிட்டச் சொல்லி அழுதேன்."

"ஆமினாவுக்குத் தெரியுமா?"

"அம்மாதான் சொல்ல வேண்டாம்னாங்க. அந்தக் காதை நம்பித்தான் மனுஷன் காலைல எந்திரிச்சுக் கடைக்குப் போறாரு, அதையும் புடுங்கிட்டா எப்படின்னாங்க."

அவர் போனை வைத்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. டீ வந்தது, குடிக்கவில்லை. ரோட்டில் ஒரு பஸ் பாட்டோடு போயிற்று. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நாச்சிமுத்து, என் காது போனது உனக்கும் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். ரெண்டு வருஷம் சொல்லாமல் இருந்தவனுக்கு இன்னொரு நாள் சொல்லாமல் இருப்பது பெரிய விஷயமில்லை. "தெரியும் பாய்" என்றேன், மெதுவாக.

அவருக்குக் கேட்கவில்லை. காதோரம் கையை வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். "என்ன?"

கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "தெரியும் பாய்! எல்லாருக்கும் தெரியும்!"

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.