திரை போட்ட ஜன்னல்

ஆஃப்கேவுக்குப் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலை. எங்கள் ஊர்க் கால்வாயில் படகு வந்தால் பொத்தானை அமுக்குவாள், பாலம் எழும். படகு போனதும் இறக்குவாள். மற்ற நேரமெல்லாம் கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருப்பாள். சைக்கிள், கார், பால் லாரி என்று ஊரே அவளுக்காக நிற்கும். பாலம் இறங்கியதும் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நானும் அப்படிப் போனவள்தான். அவள் முகத்தை முதன்முதலாகச் சரியாகப் பார்த்தது, ஐம்பத்திரண்டு வயதில் வயிறு உப்பிப்போய் அவள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோதுதான்.

நான் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவில் நர்ஸ். இதற்குச் சினைப்பைப் புற்றுநோய் என்று பெயர் வைத்த மனிதர் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. பெரும்பாலும் இது தொடங்குவது சினைப்பையிலேயே இல்லை. பக்கத்தில் இருக்கும் கருக்குழாயின் குஞ்சம் போன்ற நுனியில். கண்ணுக்கே தெரியாத அளவில் அங்கே முளைத்து, சினைப்பைக்குத் தாவி, வயிறெல்லாம் பரவிய பிறகுதான் வெளியே தெரியும். முன்பெல்லாம் அறுத்தெடுத்த குழாயில் ஒரு சீவல் பார்த்துவிட்டு மீதியைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இப்போது நுனியை முழுக்க மெல்லிசாகச் சீவி, ஒவ்வொன்றையும் பார்க்கிறோம். ஆஃப்கேவின் குழாயையும் அப்படித்தான் பார்த்தோம். நோய் அங்கேதான் பிறந்திருந்தது.

ரத்தத்தில் மரபணுக் கோளாறும் இருந்தது. அவள் அம்மா இதே நோயில்தான் போனாள். ஆஃப்கேவுக்கு கிரீத் என்று ஒரு தங்கை உண்டு, அவளுக்கும் கோளாறு இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முன்பே தெரிந்தால் தப்பிக்க வழி உண்டு. எங்கள் ஆராய்ச்சியே அதுதான்: இந்தக் கோளாறு உள்ள பெண்களுக்கு நோய் வரும் முன்பே குழாய்களை மட்டும் எடுத்துவிட்டு, சினைப்பையைச் சில வருடம் கழித்து எடுத்தால் போதுமா என்று பார்ப்பது. போதும் என்று சொல்ல இன்னும் நாள் ஆகும்.

ஆனால் கிரீத்தைக் கூப்பிட்டு நாங்கள் எதுவும் சொல்ல முடியாது. சட்டம் அப்படி. சொந்தக்காரர்களிடம் நோயாளிதான் போய்ச் சொல்ல வேண்டும். ஆஃப்கேவோ தங்கையோடு பேசியே பதினோரு வருடம் ஆகியிருந்தது. அம்மாவின் கடைசி நாட்களைத் தனக்குச் சொல்லவில்லை என்று கிரீத்துக்குக் கோபம். சொல்லித்தான் வர வேண்டுமா என்று இவளுக்குக் கோபம். சவ அடக்கத்துக்குப் பிறகு காப்பி மேசையில் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

போனில் சொல்லுங்களேன் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"இத்தனை வருஷம் கழிச்சு போனப் போட்டு, உனக்கும் கேன்சர் வரலாம்னா சொல்லச் சொல்றீங்க நர்ஸம்மா?"

நேரில் போவதும் எளிதில்லை. பெற்ற பிள்ளை வீட்டுக்கே நாள் குறித்துக்கொண்டு போகிற ஜனங்கள் நாங்கள். அதற்கு ஒரே விலக்கு பிறந்தநாள். அன்றைக்கு அழைப்பு தேவையில்லை, நினைவு வைத்திருப்பவர்கள் வருவார்கள். நினைவு வைக்கத்தான் எல்லார் வீட்டுக் கழிப்பறையிலும் பிறந்தநாள் காலண்டர் தொங்குகிறது. ஆஃப்கேவின் காலண்டரில் மார்ச் மாதத்தில் கிரீத் பெயர் இன்னும் இருந்தது. தினமும் அதற்கு எதிரே உட்கார வேண்டியிருந்ததாம், என்ன செய்வது என்று சிரித்தாள்.

மருந்து ஏற்றி முடி கொட்டிய தலையில் கம்பளிக் குல்லாயைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். கிரீத் வீட்டில் வழக்கம்போல வட்டமாக நாற்காலிகள். கிரீத்தின் மாமியார், நாத்தனார், அண்டை வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவராகக் கைகுலுக்கி, எங்கள் வழக்கப்படி, கிரீத்துக்குப் பிறந்தநாள் என்று எல்லோரையும் வாழ்த்திக்கொண்டே வட்டத்தைச் சுற்றி வந்தாள். யாரும் குல்லாயைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு காப்பியும் ஒரு துண்டு கேக்கும் கிடைத்தன. இரண்டாவது காப்பிக்குக் கிரீத் சமையலறைக்குப் போனபோது பின்னாலேயே போனாள்.

"அம்மாவுக்கு வந்தது எனக்கு வந்திருச்சு கிரீத். உனக்கும் இருக்கலாம். போய் டெஸ்ட் எடுத்துக்கோ."

கிரீத் காப்பிக் குடுவையைக் கீழே வைத்தாள்.

"எடுத்துட்டேன்க்கா. நாலு வருஷம் ஆச்சு. எனக்கும் இருக்கு. ஏதோ ஆராய்ச்சியில சேத்து, குழாய ரெண்டும் எடுத்துட்டாங்க."

அந்த ஆராய்ச்சி எங்களுடையதுதான். கிரீத் சேர்ந்தது வேறு ஊர் ஆஸ்பத்திரியில். அக்காவிடம் நீதான் சொல்ல வேண்டும் என்று அங்கேயும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

"சொல்லத்தான் வந்தேன். உன் பிறந்தநாளைக்கு. வாசல் வரைக்கும் வந்தேன்" என்றாள் கிரீத்.

எங்கள் ஊரில் முன்னறை ஜன்னலுக்குத் திரை போடும் வழக்கமில்லை. மறைக்க என்ன இருக்கிறது என்பது ஒரு பெருமை. கிரீத் தெருவில் நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். நாற்காலி வட்டம் இல்லை. ஆஃப்கே மட்டும் உட்கார்ந்திருக்கிறாள். மேசையில் வெட்டாத கேக்.

"யாருமே வரலன்னு நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா உனக்கு எப்படி இருக்கும்? அதான் மணி அடிக்காம திரும்பிட்டேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு நெனச்சேன். அப்புறம் அடுத்த வருஷம்."

எங்கள் ஜனங்களின் நாகரிகம் இது. அடுத்தவர் தனிமையைப் பார்த்துவிட்டால், பார்க்காதது போல நகர்ந்துவிடுவோம். இதை ஆஃப்கே வந்து சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ரத்தக் குப்பியைக் கீழே போட்டிருப்பேன். அன்றைக்கு அந்த மணியை அடித்திருந்தால் நாற்பத்தெட்டு வயதில் ஆஃப்கேவுக்குக் குழாயும் சினைப்பையும் எடுத்திருப்பார்கள். அனேகமாக இன்றைக்கும் முழுத் தலைமுடியோடு பாலம் தூக்கிக்கொண்டிருந்திருப்பாள்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். காப்பியை எடுத்துக்கொண்டு வட்டத்துக்குத் திரும்பிப் போய், நாத்தனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மழையைப் பற்றிப் பேசிவிட்டுக் கடைசி பஸ்ஸில் வந்துவிட்டாளாம்.

அக்டோபரில் ஆஃப்கேவின் பிறந்தநாள். மறுவாரம் ரத்தம் எடுக்கும்போது, எப்படிப் போயிற்று என்று கேட்டேன்.

"ஜன்னலுக்குத் திரை வாங்கிப் போட்டேன். பட்டப்பகல்லயே சாவு வீடு மாதிரி இழுத்து மூடிட்டேன். எதிர் வீட்டுக்காரி நான் செத்துட்டேன்னு நெனச்சிருப்பா."

"எதுக்கு?"

"உள்ள எத்தனை பேர்னு வெளிய தெரியக் கூடாதுல்ல. தெரியலன்னா மணி அடிச்சுத்தானே ஆகணும்."

"யாராவது அடிச்சாங்களா?"

"கிரீத் வந்தா." சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். "கேக் வெட்டினோம். எனக்குத்தான் இப்ப ஒரு வாய்க்கு மேல எறங்க மாட்டேங்குது. மீதிய அவ கையில குடுத்து அனுப்பிட்டேன்."