கோல் கோட்டில் இட்ட சுண்ணாம்பு

பிள்ளைகளே, உங்கள் அப்பா காலேஜில் மாஸ்டர் என்று வெளியே சொல்லிக்கொள்ளாதீர்கள். நான் உதவிதான். பந்தாட்டம் பழக்கும் டிரில் மாஸ்டருக்குக் கீழே இருப்பவன். ஏன் மேலே போகவில்லை என்று நீங்கள் கேட்பதால் எழுதுகிறேன்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் வேலை செய்துகொண்டே பாலாற்று மணலில் பந்து ஆடினேன். ஒரு மேட்சில் என்னைத் தாண்டி யாரும் பந்தைக் கொண்டுபோக முடியாததைப் பார்த்து, மாஸ்டர் என்னை வேலூர் காலேஜுக்கு அழைத்துக்கொண்டார். முதலில் பந்துக்குக் காற்றடிப்பேன், கிழிந்ததைத் தைப்பேன், கோடு போடுவேன். பிறகு கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் பேக் ஆட்டக்காரர்களைப் பழக்கும் வேலையும் வந்தது. இப்படியே ஆறு வருஷம். மாஸ்டர் வேலையை விட்டு வாலாஜாபேட்டைக்குத் திரும்புவதாக இருந்தார். அடுத்து நீதான் என்று பிரின்ஸ்பாலே என்னிடம் சொல்லியிருந்தார்.

அந்த மழைக்காலத்தில் கோடு போடப் போடக் கரைந்துபோயிற்று. தோலில் மயிர் கழிவதற்காக ஷாப்பில் பூசும் மருந்துச் சுண்ணாம்பு பசைபோல் ஒட்டும். பழைய தோஸ்த் ஒருவனிடம் ஒரு பானை வாங்கிவந்து, கோல் கோட்டுக்கு மட்டும் இழுத்தேன்.

மறுநாள் விடியலில் போனால், அந்தக் கோட்டை ஒட்டி ஏழெட்டு நாய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றும் குரைக்கவில்லை. ஒன்றும் கோட்டைத் தாண்டவில்லை. கல்லை எடுத்தேன், அசையவில்லை. தோல் வாடைக்கு வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் தூறலில் பழகினோம். கோல் காப்பவன் கேலிக்காரன். "இன்னாண்ணே, கோட்டுக்குக் கீழ செத்த மாட்டைப் பொதைச்சு வச்சிருக்கீங்களா?" என்றான். பிறகு ஒரு பந்துக்குப் பாய்ந்தவன், முகம் கோட்டில் அழுந்த விழுந்தான். ஈரக் கையால் துடைத்துக்கொண்டு கடைசிவரை ஆடினான்.

நான் இரண்டு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினேன். ஹாஸ்டலில் பேச்சுச் சத்தமே இல்லை. ஓர் அறைக்கு முன்னால் மட்டும் எல்லாரும் எதிர்ச்சுவரோடு ஒட்டி நடந்தார்கள். சமையல்கட்டுக்கு வெளியே ஒரு தட்டு மண்ணில் தனியாகக் கிடந்தது. யாருடையது என்று கேட்டேன். அந்த அறையைக் கைகாட்டினார்கள்.

கோல் காப்பவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டதும் திரும்பினான். வலது புருவம் இல்லை. அந்த இடம் வழித்த தோலாக மினுங்கியது. அந்த மினுக்கை நான் ஆயிரம் தோலில் பார்த்தவன். உயிரோடிருக்கும் முகத்தில் பார்த்ததில்லை.

"அண்ணே, இது குஷ்டந்தானே? புருவத்துலதான் ஆரம்பிக்கும்ன்றாங்க. நாளைக்கு அப்பா வந்து கூட்டிட்டுப் போறாரு."

வெளியே வந்து நின்றேன். சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் மாதம் இரண்டில் புருவம் தானே முளைத்துவிடும் என்று மனசு கணக்குப் போட்டது. ஆனால் அந்தப் பேரோடு ஊருக்குப் போனவன் எந்த ஹாஸ்டலுக்குத் திரும்புவான்? அவன் தங்கைகளை யார் கட்டுவார்கள்?

மிச்சமிருந்த பானையைப் பிரின்ஸ்பால் அறைக்கு எடுத்துப்போனேன். சட்டைக் கையை மடித்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பூசினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தோல் எரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஈரத்துணியால் துடைத்தேன். மயிரெல்லாம் துணியோடு வந்துவிட்டது. என் கை யாருடையதோ போல மேஜைமேல் கிடந்தது.

"ஐயா, அவனுக்கு ஒரு நோயும் இல்ல. நான் போட்ட கோடுங்க இது."

பிரின்ஸ்பால் அந்தத் துணியை விரித்துப் பார்த்தார். பையன் இங்கேயே இருக்கட்டும் என்றார். அப்புறம், "உன்னை நம்பி ஒரு டீமை எப்படிப்பா ஒப்படைக்கிறது?" என்றார். புது மாஸ்டர் மெட்ராஸிலிருந்து வந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் பையன் நெற்றியைத் தடவிப் பார்த்தான். "இன்னொன்னையும் எடுத்துடுங்கண்ணே, ஜோடியா இருக்கட்டும்" என்றான். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று எல்லாரும் மைதானத்துக்குப் போனபிறகு, நான் சமையல்கட்டுக்குப் போனேன். மண்ணில் கிடந்த தட்டை எடுத்து, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவி, அலமாரியில் மற்ற தட்டுகளுக்கு நடுவில் செருகி வைத்தேன்.