விளக்கை அணைத்த அண்ணி

என் சாமி மாடத்தில் விளிம்பு உடைந்த அகல் ஒன்று இருக்கிறது. கார்த்திகையன்று அதை மட்டும் ஏற்றுவேன், அதுவும் வீட்டுக்குள்ளே. இப்போது நான் இருக்கும் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டு வரிசை முழுக்க வாசலில் விளக்கு எரிய, நான் மட்டும் இப்படி. கஞ்சம் என்று பக்கத்து வீட்டுக்காரி முடிவு கட்டிவிட்டாள். சொல்லிவிட்டுப் போகட்டும். அது அண்ணியின் அகல்.

1930களில் நாங்கள் சாலாக் செலாத்தான் பக்கம் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் இருந்தோம். எதிரெதிரே இரண்டு வரிசை வீடுகள், நடுவில் நீண்ட மண் பாதை. ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கிய குட்டைகளுக்கு அப்பால் விமானத் திடல். அண்ணனுக்கு அங்கே வெள்ளைக்காரத் துரை ஓட்டும் விமானத்தைத் துடைக்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் வாய் ஓயாது. "இருட்டிட்டா ரெண்டு வரிசையா வெளக்கு வைப்போம். தொரை நடுவுல எறக்கிடுவாரு, அவ்வளவுதான்" என்பார். அண்ணி அரிசியில் கல் பொறுக்கியபடியே கேட்டுக்கொள்வாள். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள், அதனால் எனக்கு 'அவள்' என்றே வருகிறது.

அந்தக் கார்த்திகையன்று துரை அண்ணனையும் ஏற்றிக்கொண்டு கிள்ளான் பக்கம் பறந்திருப்பதாகச் சேதி வந்தது. அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. "அவரு மேலருந்து பாக்கட்டுமே" என்று, அகல் போதாமல் பால் டின்களிலும் எண்ணெய்த் துணி திணித்துப் பாதையின் இருபுறமும் வரிசையாகக் கொளுத்த வைத்தாள். மழை விட்டிருந்தது. குட்டைகளிலிருந்து எழுந்த பனி திடலை மூடிவிட்டது.

விமானச் சத்தம் சுற்றிச் சுற்றி வந்தது. திடீரென்று அது பாதைக்கு நேர் மேலே, தென்னை உயரத்தில் இறங்கி, கூரையெல்லாம் அதிர மறுபடி ஏறியது. பாதையில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம வெளக்கப் பாத்து எறங்குறாங்க! அணைங்க! எல்லாத்தையும் அணைங்க!" என்று அண்ணி கத்தினாள்.

எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லையே சொல்ல மாட்டோம். 'குளிர வை' என்போம், பூவால் சுடரைத் தொடுவோம். கார்த்திகையன்று, அதுவும் தாலி கட்டியவன் ஆகாயத்தில் இருக்கும்போது அணைப்பதா! அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "புருசன் மேல இருக்கான், வெளக்க அணைக்கிறியேடி பாவி!" என்று அலறினாள்.

அண்ணி உதறிக்கொண்டு ஓடினாள். ஈரச் சாக்கால் டின்களை மூடினாள், அகல்களைக் காலால் எற்றினாள். சத்தம் மறுபடி நெருங்கவும் நாங்களும் பிள்ளைகளை வீட்டுக்குள் தள்ளிவிட்டுக் கிடைத்ததைக் கொண்டு அணைத்தோம். அந்த இருட்டில் நடுங்கியதுபோல நான் பின்னால் வந்த ஜப்பான்காரன் சண்டைக் காலத்தில்கூட நடுங்கியதில்லை. சத்தம் தலைக்கு மேலே வந்து, தள்ளிப் போயிற்று. பிறகு ஏதோ முறிகிற ஓசை.

ஓடிப்போய்ப் பார்த்தால் விமானம் திடலின் ஓரச் சேற்றில் மூக்குக் குத்தி நின்றது. துரைக்கு நெற்றியில் ரத்தம். தோள்பட்டை முறிந்த அண்ணன், "ஐயோ அம்மா" என்று கத்திக்கொண்டிருந்தார். கத்துகிறானே, அதுவே போதும் என்று அம்மா அழுதாள். "நம்ம லயத்து வெளக்கு போன பொறவுதான் திடல் வெளக்கு மங்கலா கண்ணுல பட்டுச்சு" என்றார் அண்ணன்.

லயமே அண்ணியைக் கொண்டாடியது. அவளுக்குத்தான் எதுவும் ஒட்டவில்லை. காலில் பட்டு உடைந்த அகலைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டாள். அண்ணன் ஒருமுறை இருமினால் போதும், அடுப்பை விட்டு வந்து அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் பேரன் பேத்தி கண்டு, தலை நரைத்து, தூக்கத்திலேயே போனார். கல்யாணச் சாவு என்றார்கள். அண்ணி என் காதருகே குனிந்து, "அன்னிக்கு நான் அணைச்சதாலதானே?" என்று கேட்டாள்.

இப்போது அவளும் இல்லை. கார்த்திகையன்று விமானம் மேலே போனால் எனக்கு அந்தச் சுடரை அணைக்கவும் பயம், எரியவிடவும் பயம். எண்ணெய் வற்றித் தானாகக் குளிரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.