ஏலக்காய் ஸ்டோரில் எழுப்புதல் கூட்டம்

1. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போடியிலிருந்து ஜீப்பில் மலைக்கு ஏறினோம். பாஸ்டர், அம்மா, அக்கா, நான், சபையிலிருந்து இன்னும் நாலைந்து பேர்.
2. மேலே நல்ல மழை. வழக்கமாகக் கூடும் மரத்தடியில் உட்கார முடியவில்லை. தோட்டத்தின் சொந்தக்காரர் ஏலக்காய் ஸ்டோரைத் திறந்துவிட்டார்.
3. ஜன்னல்களைச் சாக்கு வைத்து அடைத்தார்கள்.
4. ஜெபத்தில் தோட்டத்துப் பெண் ஒருவர் விழுந்தார். அப்புறம் இன்னொருவர்.
5. அக்கா தலை வலிக்கிறது என்றாள்.
6. மூன்றாவதாக விழுந்தது அக்கா.

அக்கா அப்போது கர்ப்பிணி. கல்யாணமாகிப் பல வருடம் கழித்துத் தங்கிய கரு. அந்த மலைத் தோட்டத்துப் பெண்கள் அவளுக்காக விடாமல் ஜெபித்திருந்தார்கள். வயிறு தெரிந்ததும் நேரில் வந்து சாட்சி சொல்கிறேன் என்று அக்கா வாக்குக் கொடுத்திருந்தாள். அதனால்தான் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் பொறுத்துக்கொண்டு ஜீப்பில் வந்தாள். ஜீப் ஓட்டிய அண்ணன் சாமி கும்பிடுகிறவர். “என் ஜீப்பு வளைவுல திரும்புறப்ப எல்லாரும் தன்னால ஜெபம் பண்ணுவாக. இதுக்குப் போய்ப் பாஸ்டரக் கூட்டிட்டு வர்றீகளே” என்றார். பாஸ்டர்தான் முதலில் சிரித்தார்.

ஸ்டோர் என்பது பறித்த பச்சைக் காயைக் காயவைக்கும் கட்டடம். வெளிச்சுவரில் அடுப்பு. அதன் சூடும் புகையும் பெரிய இரும்புக் குழாய்க்குள் உள்ளறையைச் சுற்றி வந்து கூரைக்கு மேலே போய்விடும். அன்று உள்ளறையில் ஒரு லோடு காய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் காய் தரம் பிரிக்கும் முன்னறையில் உட்கார்ந்தோம். கதகதப்புக்காக இடைக்கதவைத் திறந்து வைத்தார்கள். சாக்கு அடைத்தது குளிருக்காக மட்டுமல்ல. ஜெபச் சத்தம் அதிகம் என்று பக்கத்துத் தோட்டத்தில் ஒருமுறை சொல்லியிருந்தார்கள். வாசல் கதவையும் சாத்திவிட்டுத்தான் பாட ஆரம்பித்தோம்.

எங்கள் சபையில் ஜெபத்தில் ஒருவர் விழுவது பயப்படும் விஷயம் அல்ல. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. பெண் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் காலை மூடி ஒரு துண்டைப் போர்த்திவிட்டு விலகிக்கொள்வார்கள். எழுப்பக் கூடாது. ஆவியானவர் அவரோடு இடைப்படுகிறார் என்று அர்த்தம். அந்த மலையிலும் இப்படி ஆவியானவர் இறங்கி எழுப்புதல் வரவேண்டும் என்று அம்மா பல காலமாக உபவாசம் இருந்து வந்தார். அதுவரை அங்கே ஒருவர்கூட விழுந்ததில்லை. முதல் பெண் விழுந்தபோது அம்மா முகத்தில் வந்த சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. துண்டை அவர்தான் போர்த்தினார்.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாவது பெண் விழுந்தபோது என் தலையும் கனத்தது. அக்கா என் கையைப் பிடித்தாள்.

“தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுடி. குமட்டிக்கிட்டு வருது.”

நான் ஒரு மில்லில் அளவுக் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். பாய்லர் பகுதிக்குள் போவதற்கு முன் பயிற்சியில் சொல்லித் தந்தது ஞாபகம் வந்தது: மூடிய அறை, எரியும் விறகு, ஒரே சமயத்தில் பலருக்குத் தலைவலி, குமட்டல், மயக்கம். கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசம் கிடையாது. ஸ்டோரில் விறகு வாசமும் ஏலக்காய் வாசமும் எப்போதும் இருப்பதால் மூக்கை நம்பி எதையும் கண்டுபிடிக்க முடியாது. இடைக்கதவு வழியே உள்ளறையை எட்டிப் பார்த்தேன். குழாயின் ஒரு இணைப்பு துருப்பிடித்து வாய் திறந்திருந்தது.

அப்போதும் நான் உடனே கத்தவில்லை. பயம் இரண்டு பக்கமும் இருந்தது. ஆவியானவருக்கு விரோதமாகப் பேசுவது மன்னிக்கப்படாத பாவம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அவர் செய்கிற காரியத்தைப் புகை என்று சொல்லிவிட்டால்? சொல்லாமல் விட்டு அது புகையாகவே இருந்தால்? அதற்குள் அக்காவின் பிடி தளர்ந்தது. அவள் என் மடிமேல் சரிந்தாள்.

அம்மா துண்டோடு வந்தார். நான் அக்காவை உலுக்குவதைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார்.

“எழுப்பாத ஆத்தா. அவ வயித்துப் பிள்ளைய ஆண்டவர் தொடுறாரு.”

“அம்மா, இது அடுப்புப் புகை. கதவத் தொறக்கணும்.”

அம்மா நகரவில்லை. பல காலம் உபவாசம் இருந்து அவர் கேட்டதை நான் புகை என்று சொல்லியிருந்தேன். பாஸ்டர் பாட்டை நிறுத்தினார். அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். உடைந்த குழாயைப் பற்றி அவரிடம் சொன்னேன்.

“கதவத் தொறந்தா ஆவியானவர் ஓடிற மாட்டாரும்மா,” என்றார். “தொற. சாக்கெல்லாம் உருவு.”

எல்லாரையும் மழையில் இழுத்துப் போட்டோம். ஜீப் அண்ணன் ஓடி வந்து அக்காவைத் தூக்கினார். மற்ற இருவரும் மழை பட்டதும் கண் விழித்தார்கள். அக்கா விழிக்கவில்லை. மூவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போடிக்கு இறங்கினோம். வளைவுக்கு வளைவு அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். அம்மா அக்காவின் கால்களை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தார். பாதி மலையில் அக்கா வாந்தி எடுத்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் ஸ்தோத்திரம் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் மூவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். மற்ற இருவரும் தெளிந்து தோட்டத்துக்குத் திரும்பினார்கள். ஸ்கேனில் குழந்தையின் இதயம் துடித்தது. அம்மா அங்கேயே முழங்கால் போட்டுவிட்டார். நான் டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். இந்த வாயு தாயைவிடக் குழந்தையிடமிருந்து மெதுவாகத்தான் விலகும், துடிப்பு இருப்பது நல்ல செய்தி, மூளைக்கு ஏதாவது ஆகியிருக்கிறதா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார். அதை அக்காவிடம் நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்ல முன்வரவில்லை.

இப்போதைய நிலை இது. தோட்டக்காரர் குழாயை மாற்றிவிட்டார். கூட்டம் ஒரு தொழிலாளி வீட்டில், கதவைத் திறந்து வைத்து நடக்கிறது. சத்தம் வெளியே கேட்கிறது, இதுவரை யாரும் எதுவும் சொல்லவில்லை. அன்று ஆவியானவர் இறங்கினார் என்றுதான் அம்மா சாட்சி சொல்கிறார். நான் மறுப்பதில்லை, அன்று கதவு திறந்ததையும் அவர் அந்தச் சாட்சியில் சேர்த்துச் சொல்கிறார். அக்காவுக்கு ஒன்பதாம் மாதம். குழந்தை நன்றாக அசைகிறது. பிறந்து வளர்ந்தால்தான் மற்றது தெரியும்.